பாலத்தை மட்டும் பார்த்த கண்: தகர்க்கப்பட்ட இருப்புப்பாதைகளும் அவற்றைச் சொன்ன கதைகளும்

போடிநாயக்கனூரின் இருப்புப்பாதை ஒரு குண்டும் விழாமலே இரண்டாம் உலகப் போரில் மாண்டது. 1928-இல் மதுரையிலிருந்து இவ்வூர் வரை போடப்பட்ட மீட்டர் கேஜ் பாதை அது. அதற்கு முன் மூணாற்றுத் தேயிலை, குண்டளைப் பள்ளத்தாக்கின் சிறு இரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, பின் வண்டிகளில் போடிக்கு வந்து சேர்ந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம், மலையாளிகள் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் பேசும் அந்த வெள்ளம், மலைமேலிருந்த சிறு இரயிலை அடித்துச் சென்றது. நான்கு ஆண்டுகளில் சமவெளியின் இரயில் மலையடிவாரத்தை எட்டியது. ஏலக்காய்ச் சந்தைக்கும் பொட்டிபுரம் முதலிய மலையடி ஊர்களுக்கும் அது ஒரு புதிய வாசல். போர் மூண்டபோது ஆங்கில அரசு போர்த் தேவையைக் காட்டி இந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்துக்கொண்டது. மீண்டும் பாதை போடப்பட்டு வண்டி ஓட 1954 வரை காத்திருக்க நேர்ந்தது. அகலப் பாதைக்காக 2010 இறுதியில் நிறுத்தப்பட்ட வண்டி 2023 ஜூனில் திரும்பி வந்த கதை வாசகர்கள் அறிந்ததே.

தண்டவாளத்தைப் பெயர்ப்பதில் ஆங்கிலேயருக்கும் ஜப்பானியருக்கும் வேற்றுமை இருந்ததாகத் தெரியவில்லை. அதே ஆண்டுகளில் வங்கக் கடலுக்கு அப்பால், மலாயாவின் கிழக்குக்கரை இருப்புப்பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியப் படை கழற்றிச் சயாமுக்குக் கொண்டுசென்றது. அவையும் மீட்டர் கேஜ்தான். அவற்றோடு மலாயாத் தோட்டங்களிலிருந்த தமிழர்களையும் கொண்டுசென்றது. சயாம்–பர்மா மரண இரயில் என்று பின்னாளில் பெயர் பெற்ற 415 கிலோமீட்டர்ப் பாதை இவ்வாறு உருவாயிற்று. உருவான பின் அதன் மீது நேசநாட்டு விமானங்கள் குண்டு வீசின. குண்டு வீசப்பட்ட அப்பாதையைப் பற்றி உலகம் அறிந்ததெல்லாம் பெரும்பாலும் ஒரு திரைப்படத்தின் வாயிலாகவே. அந்தப் படத்தையும், அதே இயக்குநர் ஐந்தாண்டு கழித்து எடுத்த மற்றொரு படத்தையும் முன்வைத்து, இருப்புப்பாதையைத் தகர்க்கும் போர்முறையைக் கலை எவ்வாறு கண்டது என்பதை ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் போர்முறையைப் பற்றிச் சில சொற்கள். எதிரியின் படையைத் தாக்குவதைக் காட்டிலும் அப்படைக்கு உணவும் எண்ணெயும் வெடிமருந்தும் வரும் வழியை அறுப்பது மலிவானது என்பது பழைய அறிவு. விமானம் வந்தபின் அந்த அறிவு தனித்ததொரு கோட்பாடாயிற்று. 1944-இல் நார்மண்டிக் கரையிறக்கத்திற்கு முன், பிரான்சின் இரயில் சந்திப்புகளையும் பணிமனைகளையும் குண்டுவீசி முடக்கும் திட்டத்தைச் சாலி சுக்கர்மன் என்ற விலங்கியல் அறிஞர் வகுத்துக் கொடுத்தார். குரங்குகளின் சமூக வாழ்வை ஆராய்ந்தவர் இரயில் சந்திப்புகளின் சாவைக் கணக்கிட வந்தது அந்நூற்றாண்டின் விந்தைகளுள் ஒன்று. நட்பு நாடான பிரான்சின் குடிமக்கள் இதில் மடிவார்களே என்று சர்ச்சில் தயங்கினார். 10,000 பேருக்கு மேல் சாகக்கூடாது என்று ஒரு வரம்பையும் பேசினார். ரூஸ்வெல்ட் வரம்பு எதற்கும் உடன்படவில்லை. போர் முடிந்தபின் அமெரிக்கக் குண்டுவீச்சு ஆய்வுக் குழு, ஜெர்மனியின் பொருளாதாரத்தை நிலைகுலையச் செய்ததில் போக்குவரத்தின் மீதான தாக்குதலுக்கே முதலிடம் தந்தது. இம்முறை பயனளித்தது என்பதில் ஐயமில்லை. பயனளித்தது என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் அதை மதிப்பிட்டுவிட முடியுமா என்பதே கேள்வி.

சயாம்–பர்மாப் பாதைக்கு வருவோம். 1942 ஜூனில் மிட்வே கடற்போரில் தோற்றபின், சிங்கப்பூரைச் சுற்றி இரங்கூனுக்குச் செல்லும் கடல்வழி ஜப்பானுக்கு ஆபத்தானதாயிற்று. நிலவழியே நாளொன்றுக்கு 3,000 டன் சரக்கு அனுப்பத் திட்டமிட்டு, பின்னர் அதை 1,000 டன்னாகக் குறைத்துக்கொண்டு, காட்டையும் மலையையும் பிளந்து பாதை போட்டார்கள். சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்தும் பர்மாவின் தன்பியூசாயத்திலிருந்தும் தொடங்கிய இரு முனைகளும் 1943 அக்டோபர் 17-இல் சந்தித்தன. 60,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அதில் உழைத்தனர். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ கைதிகளைப் போல் பன்மடங்கினர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் சுமார் 75,000 பேர் என்றும் அவர்களுள் பெரும்பாலோர் தமிழர் என்றும் வரலாற்றாசிரியர் கூறுவர். மாண்ட ஆசியர் 90,000 அளவில் இருக்கலாம் என்பது ஒரு மதிப்பீடு. வேறு மதிப்பீடுகளும் உண்டு. கைதியின் சாவுக்கு எண்ணிக்கை இருக்கிறது, கூலியின் சாவுக்கு மதிப்பீடே இருக்கிறது. நம் கட்டுரை முழுவதும் இவ்வேற்றுமையை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

கைதிகளுக்கு அதிகாரிகள் இருந்தனர், மருத்துவர்கள் இருந்தனர், மறைத்து வைத்த நாட்குறிப்புகள் இருந்தன. இரப்பர்த் தோட்டத்தின் லயத்திலிருந்து மூன்று மாத வேலை, நல்ல கூலி, இலவச அரிசி என்று சொல்லி அழைக்கப்பட்டவனுக்கும், பின்னர் ஆள் போதாதபோது வலிந்து பிடித்து ஏற்றப்பட்டவனுக்கும் இவற்றுள் ஒன்றும் இல்லை. 1943-இன் மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது கூலிமுகாம்கள் முழுமுழுதாக அழிந்தன.

இனி, 1957-இல் டேவிட் லீன் இயக்கி வெளிவந்த ‘க்வாய் நதிப் பாலம்’. அதற்கு மூலம் பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் 1952-இல் எழுதிய நாவல். பூல் போருக்கு முன் மலாயாவின் இரப்பர்த் தோட்டத்தில் பொறியாளராகப் பணிபுரிந்தவர். தமிழ்த் தொழிலாளியின் முகத்தை நாள்தோறும் கண்டிருக்கக் கூடியவர். அவர் மையத்தில் வைத்ததோ ஓர் ஆங்கிலேயக் கர்னலின் பிடிவாதத்தை. கைதியான கர்னல் நிக்கல்சன், தன் வீரர்களின் ஒழுங்கையும் பெருமையையும் காக்கும் வெறியில் எதிரிக்கு உறுதியான பாலம் ஒன்றைக் கட்டித் தருகிறார். அதைத் தகர்க்க அவருடைய நாட்டவரே இரகசியமாக வருகிறார்கள். கடமை என்பது எப்போது துரோகமாகிறது என்ற கேள்வியை இவ்வளவு கூர்மையாக எழுப்பிய போர்க்கதைகள் குறைவு. அலெக் கின்னஸின் நடிப்பு அக்கேள்வியைக் கண்களிலேயே காட்டியது. படத்தின் கலைச்சிறப்பை மறுப்பது நம் நோக்கமன்று. அது பெற்ற ஏழு ஆஸ்கர் விருதுகளும் தகுதிக்குக் கிடைத்தவையே.

ஆனால் நாவலின் முடிவும் படத்தின் முடிவும் வேறு. நாவலில் பாலம் நிற்கிறது. இரயில் மட்டும் தடம் புரள்கிறது. கட்டிய பிடிவாதம் வென்றுவிட்டது என்ற கசப்பு வாசகனிடம் தங்குகிறது. படத்தில் நிக்கல்சன் தன் பிழையை உணர்ந்த கணத்தில் வெடிப்பொறியின் மீதே சாய்ந்து விழ, பாலம் இடிந்து, இரயில் ஆற்றுக்குள் பாய்கிறது. இத்தனை நேரம் பாலத்தைக் காட்டிவிட்டு அதை வீழ்த்தாமல் பார்வையாளரை வீட்டுக்கு அனுப்பத் திரைக்கு மனம் வரவில்லை. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பாலம் விழும்போது அரங்கில் எழும் கிளர்ச்சி, நிக்கல்சனின் துயரத்தைக் காட்டிலும் பெரியது. அழிவுக்கு அழகு கூட்டும் இந்தத் திறமையே லீனின் பலம். நம் கருத்தில் அதுவே அவருடைய குறையும்.

உண்மையில் நடந்தது என்ன? கமாண்டோக்கள் எவரும் வந்து அந்தப் பாலத்தைத் தகர்க்கவில்லை. காஞ்சனபுரிக்கு அருகே தாமர்க்கானில் மரப்பாலம் ஒன்றும், ஜாவாவிலிருந்து கொண்டுவந்த இரும்பு வளைவுகளால் ஆன பாலம் ஒன்றும் அருகருகே நின்றன. 1944 இறுதியிலிருந்து விமானங்கள் அவற்றைத் தேடி வந்தன. பாலத்தை ஒட்டியே கைதிகளின் முகாம். முகாமை ஒட்டியே விமான எதிர்ப்புப் பீரங்கிகள். 1944 நவம்பர் 29-இல் வீசிய குண்டுகளுள் சில இலக்கைத் தாண்டி முகாமில் விழ, கைதிகள் பலர் மாண்டனர். அதற்கு முன்பே, செப்டம்பரின் ஓர் இரவில், நோங் பிளாடுக் இரயில் நிலையத்தை நோக்கி வீசிய குண்டுகள் அருகிலிருந்த முகாமில் ஏறத்தாழ நூறு கைதிகளைக் கொன்றிருந்தன. தாமர்க்கான் பாலங்கள் 1945 பிப்ரவரியிலும் ஏப்ரலிலும் ஜூனிலும் மீண்டும் தாக்கப்பட்டன. தகர்ந்த இடத்தைப் பழுதுபார்க்க அனுப்பப்பட்டவர்கள் மீண்டும் அதே கைதிகளும் கூலிகளுமே. கட்டியவனே காயம்பட்டு, காயம்பட்டவனே திரும்பக் கட்டினான். இந்தச் சுழற்சியில் ஒரு கலைஞனுக்கு எத்தனை பொருள் இருக்கிறது! படத்தில் வானிலிருந்து வரும் அபாயமே இல்லை. தகர்ப்பவன் ஆற்றங்கரையில், தகர்க்கப்படுவோரின் முகத்தைப் பார்க்கும் தொலைவில் நிற்கிறான். அதனால் அவன் செயலில் துணிவும் மனப்போராட்டமும் இருக்கின்றன. பல்லாயிரம் அடி உயரத்திலிருந்து பொத்தானை அழுத்துபவனின் அறத்தை எவரும் படமாக்க விரும்பவில்லை.

படத்தின் மற்றொரு மௌனம் இதனினும் பெரியது. ‘கர்னல் போகி’ மெட்டைச் சீழ்க்கையடித்து அணிவகுத்து வரும் வெள்ளைக் கைதிகளே திரையை நிறைக்கிறார்கள். பாலத்தைக் கட்டுபவர்கள் அவர்களே. ஆசியக் கூலி என்ற ஒருவன் அந்தக் காட்டில் இருந்ததாகவே படம் காட்டவில்லை. தாய்லாந்தின் கிராமப் பெண்கள் கமாண்டோக்களுக்குச் சுமை தூக்கவும் அவர்கள்பால் இரக்கம் காட்டவும் வருகிறார்கள், அவ்வளவே. படப்பிடிப்பு நடந்ததோ இலங்கையில், கித்துல்கலையில், களனி ஆற்றின் மீது. யானைகளையும் உள்ளூர்த் தொழிலாளர்களையும் கொண்டு மெய்யான மரப்பாலத்தைக் கட்டி, மெய்யான இரயிலை ஓடவிட்டுத் தகர்த்தார்கள். ஆசியரின் உழைப்பை மறைத்த கதையைச் சொல்வதற்கும் ஆசியரின் உழைப்பே வேண்டியிருந்தது. இன்னொன்றையும் சொல்லி வைப்போம். படத்தின் திரைக்கதையை எழுதிய கார்ல் ஃபோர்மன், மைக்கேல் வில்சன் ஆகிய இருவரும் அமெரிக்காவில் பொதுவுடைமை ஐயத்தின் பேரில் ஒதுக்கப்பட்டிருந்தமையால் அவர்கள் பெயரும் திரையில் வரவில்லை. ஆங்கிலம் சரிவரத் தெரியாத பூலுக்கு விருது போயிற்று. ஹாலிவுட் அந்த அநீதியை 1984-இல், இருவரும் இறந்தபின், திருத்திக்கொண்டது. விடுபட்ட கூலிகளுக்கு அப்படி ஒரு திருத்தம் வரவில்லை.

பாலம் உண்மையில் நின்ற ஆற்றின் பெயர் மே க்ளோங். படம் பார்த்துவிட்டு வந்த பயணிகள் க்வாய் நதியைத் தேடினார்கள். அறுபதுகளில் தாய்லாந்து அந்த ஆற்றுப் பகுதிக்குக் ‘க்வாய் யாய்’ என்று பெயர் மாற்றிப் பயணிகளின் குறையைத் தீர்த்தது. ஒரு நதியின் பெயரையே மாற்றவல்ல கலை அது.

லீனின் அடுத்த படம் 1962-இல் வந்த ‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’. இதற்கும் ஏழு ஆஸ்கர். எழுதியவருள் ஒருவர், பெயர் மறைக்கப்பட்டவராக, அதே மைக்கேல் வில்சன். தகர்க்கப்படும் பொருளும் அதே: இருப்புப்பாதை. இம்முறை ஹிஜாஸ் இரயில். அரபு கற்பிக்கும் நமக்கு இங்கே ஒரு சொல்லாராய்ச்சியைத் தவிர்க்க இயலவில்லை. இன்றைய அரபியில் இரயிலுக்குக் ‘கிதார்’ என்று பெயர். பழைய அரபியில் அது ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டி நடத்தப்படும் ஒட்டக வரிசையைக் குறித்தது. திமிஷ்கிலிருந்து மதீனா வரை ஹாஜிகளின் ஒட்டக வரிசை ஒரு மாதத்திற்கும் மேலாக நடந்த வழியில்தான் சுல்தான் அப்துல் ஹமீதின் காலத்தில், 1900 முதல் 1908 வரை, ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்குத் தண்டவாளம் போடப்பட்டது. இந்திய முஸ்லிம்கள் உள்ளிட்ட உலக முஸ்லிம்களின் நன்கொடையும் அதில் சேர்ந்தது. பயணம் சில நாட்களாகச் சுருங்கியது.

லீனின் படத்தில் இந்த வரலாற்றின் நிழல்கூட இல்லை. மணற்குன்றின் பின்னே பதுங்கியிருப்போர், அழகிய புகையைக் கக்கி வரும் என்ஜின், ஒரு வெடி, கவிழும் பெட்டிகள், கொள்ளை, பின் பெட்டிகளின் கூரை மீது வெண்ணிற ஆடை பறக்க நடந்து செல்லும் லாரன்ஸ். ஸ்பெயின் நாட்டு மணலில் எடுக்கப்பட்ட அக்காட்சியை மறப்பது கடினம். கவிழ்ந்த பெட்டிகளுக்குள் யார் இருந்தார்கள்? லாரன்ஸே தம் நூலில் அதைச் சொல்லியிருக்கிறார். 1917 செப்டம்பரில் முதவ்வராவில் அவர் தகர்த்த வண்டியில் நோயாளிகள் இருந்தனர், பெண்கள் இருந்தனர். அவர்களை விவரிக்கும்போது அவருடைய உரைநடை தடுமாறுகிறது. அத்தடுமாற்றத்திற்காகவே அந்நூலை நாம் மதிக்கிறோம். படத்தில் அந்தத் தடுமாற்றம் லாரன்ஸின் உள்மனச் சிக்கலாக உருமாறிவிட்டது. பெட்டிக்குள் இருந்தவர் மறைந்து, பெட்டியின் மேல் நடந்தவரே எஞ்சினார்.

லாரன்ஸின் போர்த்தந்திரத்தையும் படம் சரியாகச் சொல்லவில்லை என்பது நம் துணிபு. பாதையை அடியோடு அறுத்துவிட அவர் விரும்பவில்லை. மதீனாவிலிருந்த துருக்கியப் படை அங்கேயே தங்கிப் பட்டினியும் பழுதுபார்ப்புமாகத் தேய வேண்டும். அதற்கு இரயில் ஓடியும் ஓடாமலும் இருக்க வேண்டும் என்பதே அவர் கணக்கு. போக்குவரத்தைத் தாக்குவதன் நுட்பத்தை விமானக் கோட்பாட்டாளர்களுக்கு முன்பே உணர்ந்த மூளை அது. அதன் விலையை மதீனாவாசிகளும் கொடுத்தார்கள். நடுநிலையோடு சொல்வதாயின், ஃபக்ரி பாஷா அதே இரயிலில்தான் மதீனாவின் குடிமக்களைத் திரளாக வெளியேற்றினார்; முற்றுகையின் கொடுமைக்கு அவரும் பொறுப்பாளி. போருக்குப் பின் மஆனுக்குத் தெற்கே மதீனா வரையிலான பகுதியில் இரயில் முறையாக ஓடவேயில்லை. படம் முடியும்போது அரேபியா எவ்வாறு ஏமாற்றப்பட்டது என்ற அரசியல் பேசப்படுகிறது. ஹாஜிகளின் வழி அறுந்தது பற்றி ஒரு சொல் இல்லை.

இவ்விரு படங்களின் கண் பின்னாளில் செய்தித் திரைக்கு இடம் பெயர்ந்தது. 1991 ஜனவரியில், இராக்கின் பாலமொன்றைக் குண்டு தாக்கும் காணொளியை நிருபர்களுக்குக் காட்டிய அமெரிக்கத் தளபதி ஷ்வார்ஸ்காஃப், குறிவட்டத்திற்குள் நுழைந்து மயிரிழையில் கடந்துபோன வண்டியின் ஓட்டுநரை இராக்கிலேயே பேரதிர்ஷ்டசாலி என்று குறிப்பிட, அரங்கம் சிரித்தது. 1999 ஏப்ரல் 12-இல் செர்பியாவின் க்ர்தெலிட்சாவில் இரயில் பாலத்தைக் குறிவைத்த ஏவுகணை, அதன் மீது வந்த பயணிகள் வண்டியைத் தாக்கியது. விமானிக்கு நேரமே இல்லை என்பதற்குச் சான்றாக நேட்டோ வெளியிட்ட காணொளி, உண்மையினும் பன்மடங்கு விரைவாக ஓட்டப்பட்டது என்பது மறு ஆண்டில் வெளியாயிற்று. பதிவை மாற்றும்போது நேர்ந்த தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். இருக்கலாம். காணொளியைப் பார்த்தோர் அனைவரும் பாலத்தின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தமையால் இரயிலின் விரைவை எவரும் ஐயுறவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ் இலக்கியம் இதற்கு என்ன மறுமொழி தந்தது? போர்க்காலத் தென்கிழக்காசியாவைத் தமிழில் முழுமையாக எழுதியவர் ப. சிங்காரம். அவருடைய ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இல் நூலாயிற்று. ஆனால் அது வணிகர்களும் அவர்தம் பெட்டியடிப் பையன்களும் படைவீரர்களும் உலவும் உலகம்; மரண இரயிலின் கூலி அதன் மையத்திற்கு வரவில்லை. அவனை மையத்திற்குக் கொண்டுவந்தவர்கள் மலேசியத் தமிழ் எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் இவ்வகையில் முன்னிற்பவை. லீன் காட்டாத மனிதன் இவற்றில் பேசுகிறான். இந்நாவல்கள் தமிழகத்தில் உரிய அளவு படிக்கப்படவில்லை என்பது நம் மனக்குறை. மேலை நாட்டார் இதே பாதையைப் பற்றித் தொடர்ந்து எழுதிவருகின்றனர். எரிக் லோமாக்ஸின் தன்வரலாறு 1995-இல் வந்தது. ரிச்சர்ட் ஃபிளானகனின் நாவல் 2014-இல் புக்கர் பரிசு பெற்றது. இரண்டும் உயர்ந்த நூல்கள். இரண்டுக்கும் தலைவன் போர்க்கைதியே. நம்மவர் நூல்கள் பிறமொழிக்குப் போகாதவரை உலகின் பார்வையில் அந்தப் பாதையில் மாண்டவன் வெள்ளையனாகவே இருப்பான்.

இத்தகைய கதைகளை மதிப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். போர் வேண்டா என்று பொதுவாகச் சொல்லி நகர்வது எளிது, அது திறனாய்வாகாது. நம் மதரஸாக்களில் பாடமாகவும் வாதமாகவும் வந்துகொண்டிருக்கும் ஒரு பழைய சிக்கல் இங்கே வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்துகிறது. ஃபிக்ஹ் நூல்கள் அதைத் ‘ததர்ருஸ்’ என்னும். எதிரி தன் கோட்டைக்குள் நம்மவரின் கைதிகளையோ குழந்தைகளையோ கேடயமாக வைத்துக்கொண்டால் அக்கோட்டையின் மீது அம்பும் மன்ஜனீக் கல்லும் எறியலாமா? ஹனஃபி அறிஞர்கள், எதிரியையே குறிவைக்கிறோம் என்ற எண்ணத்தோடு எறியலாம் என்றனர். ஷாமின் பேரறிஞர் இமாம் அவ்ஸாயீ (ரஹ்) கூடாது என்றார். தாம் அறியாத நம்பிக்கையாளர்களை மிதித்துவிட நேரும் என்பதால் ஹுதைபிய்யாவில் படை தடுத்து நிறுத்தப்பட்டதைக் கூறும் ஃபத்ஹ் அத்தியாயத்தின் வசனத்தை (48:25) அவர் சான்று காட்டினார். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவருக்கு மறுப்பாகத் தனி நூலே எழுதினார். பின்வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) ‘அல்முஸ்தஸ்ஃபா’வில் மூன்று நிபந்தனைகளை வைத்தார்: தவிர்க்கவே முடியாத தேவையாக இருக்க வேண்டும், பயன் ஐயமின்றி உறுதியாக இருக்க வேண்டும், அப்பயன் சிலருக்கின்றிச் சமுதாயம் முழுமைக்கும் உரியதாக இருக்க வேண்டும். மரங்களையும் குடியிருப்புகளையும் அழிக்கலாகாது என்று கலீஃபா அபூபக்ர் (ரலி) ஷாம் நோக்கிச் சென்ற படைக்கு இட்ட கட்டளையை முவத்தா பதிவு செய்கிறது. பனூ நளீர் முற்றுகையில் பேரீச்சை மரங்கள் வெட்டப்பட்டதைக் குர்ஆன் குறிப்பிடுவதால், தேவையின்போது அதற்கு இடமுண்டு என்போரும் உளர். நம் முன்னோர் ஒரே குரலில் பேசினார்கள் என்று காட்டுவது அறிவுக்கு நேர்மையாகாது. அவர்கள் கருத்து வேறுபட்டார்கள். ஆனால் கோட்டைக்குள் இருப்பவன் யார் என்ற கேள்வியைக் கேட்காமல் எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை.

தாமர்க்கானில் இருந்ததும் இதே நிலை. பாலத்தருகே முகாம் அமைத்தவர் ஜப்பானியர்; அக்குற்றம் அவர்களுடையது. பீரங்கியை முகாமின் பக்கத்திலேயே நிறுத்தியதும் அவர்களே. குண்டு வீசியவர்களுக்கு உள்ளே இருந்தோரைப் பற்றித் தெரியாதா? 1944 செப்டம்பரில் நேசநாட்டு நீர்மூழ்கிகள் மூழ்கடித்த ஜப்பானியக் கப்பலொன்றில் இப்பாதையிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கைதிகள் இருந்தனர். உயிர்தப்பி மீட்கப்பட்டோர் வாயிலாகப் பாதையின் கொடுமைகள் வெளியாகி, அதே ஆண்டு நவம்பரில் பிரிட்டன், ஆஸ்திரேலிய நாடாளுமன்றங்களில் அறிவிக்கப்பட்டன. நவம்பர் 29-ஆம் நாள் விமானங்கள் புறப்பட்டபோது கைதிகளின் நிலை இலண்டனுக்குத் தெரிந்தே இருந்தது. ஆயினும் அத்தாக்குதலை முற்றிலும் தவறென்று நாம் துணியவில்லை. இம்ஃபாலிலும் கோஹிமாவிலும் தோற்றுப் பின்வாங்கிய ஜப்பானியப் படை பர்மாவில் இன்னும் வலுவோடு இருந்தது. அதற்குச் சரக்குச் சென்ற வழி இது. ஹனஃபி அறிஞர்களின் தீர்ப்பு இங்கே இடம் தரக்கூடும். விமானங்களைக் கண்ட கைதிகளின் மனத்திலேயே அச்சமும் மகிழ்ச்சியும் ஒருங்கே இருந்தன என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

1945 ஜூன் 24-ஆம் நாள் தாக்குதலைப் பற்றி அவ்வாறு எளிதில் சொல்ல இயலாது. பாலத்தைப் போர் முடியும் வரை செயலிழக்கச் செய்தது அத்தாக்குதலே. ஆனால் இரங்கூன் மே மாதத் தொடக்கத்திலேயே மீட்கப்பட்டுவிட்டது. பர்மாவின் பெரும்பகுதி ஜப்பானியர் கைவிட்டுப் போயிற்று. தெனாசரிமில் எஞ்சிய படைகளையும், வரவிருந்த மலாயாக் கரையிறக்கத்தையும் காட்டித் தளபதிகள் அதற்கு விளக்கம் கூறக்கூடும். அது கஸ்ஸாலியின் முதல் நிபந்தனையான தவிர்க்க முடியாத தேவையாகுமா? இரண்டாம் நிபந்தனையான உறுதியான பயனைத் தருமா? நாம் ஆகாது என்றே கருதுகிறோம். கைதிகளை அதற்குள் பாலத்தடியிலிருந்து வேறு முகாமுக்கு மாற்றியிருந்தார்கள். பாதை நெடுகிலும் பழுதுபார்க்க நிறுத்தப்பட்டிருந்த கூலிகளுக்காக எந்த நாடாளுமன்றத்திலும் அறிவிப்பு வரவில்லை.

அன்று தகர்ந்த வளைவுகளுக்குப் பதிலாக ஜப்பான் போருக்குப் பின் ஈடாகத் தந்த இரு நேர்க்கோட்டுச் சட்டங்கள் இன்றும் பாலத்தின் நடுவே தெரிகின்றன. வளைந்தவற்றுக்கு இடையே வளையாத அவ்விரண்டையும் பயணிகள் படமெடுத்துக்கொள்கிறார்கள். சற்றுத் தொலைவில் காஞ்சனபுரிப் போர்க்கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகள் தனித்தனிக் கற்களின் கீழ் துயில்கிறார்கள். ஆசியத் தொழிலாளரின் எலும்புகள் அவ்வூரின் தவோர்ன் வராராம் கோயில் வளாகத்தில் ஒரே தூபிக்குள் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன.